சும்மா அப்பா

"யம்மா, நாளைக்கு எந்த அப்பா எந்திரிப்பாங்க?"

ஜெனோவா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. மறுநாள் பள்ளியில் மாறுவேடப் போட்டி. அப்பாவுக்கு எந்த வரிசையில் நாற்காலி பிடிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேலை அப்பா முன்வரிசையில் நேராக உட்கார்ந்து, எல்லாம் முடிந்தபின் அளவாகக் கை தட்டுவார். சும்மா அப்பா அவளை மேடையில் கண்டதுமே தட்டத் தொடங்கிவிடுவார்; நிறுத்தச் சொன்னால் அழுதுவிடுவார். அவருக்குக் கடைசி வரிசைதான் தோது.

டெல்பின் மீன் அலசிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"எவுக எந்திரிச்சாலும் உங்கப்பாதாம்ட்டி."

அன்று அவள் அதை நம்பித்தான் சொன்னாள்.

அவள் கணவர் கஸ்பார் மச்சாது, தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டியவர். ஒருநாள் வேலை முடிந்து இறங்கி நடந்தபோது, கன்டெய்னர் அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி கழன்று அவர் தலையில் விழுந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. உயிர் தப்பியது. ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தவர் வேறு மாதிரி இருந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. விரல்கள் சொன்னதைக் கேட்கவில்லை. சிரிப்பும் அழுகையும் நேரம் தவறி வந்தன. ஆட்களை மட்டும் மறக்கவில்லை. டெல்பினைக் கண்டால் முகம் மலர்ந்தது. மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சரக்குக் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. கிரேன் ஓட்டுபவர்களின் ஹெல்மெட்டுகள் அவர்கள் மூளையின் ஓட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவந்தன. பாதுகாப்புக்காக என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து ஒரு மனதைத் திரும்பக் கட்டி, நாணயம் அளவுள்ள தகட்டில் ஏற்றி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கலாம் என்றார்கள். வேலைத்திறன் அப்படியே திரும்பிவிடும். வேலையும் திரும்பக் கிடைக்கும்.

அந்தத் தகட்டை அமைத்துக் கொடுத்தவன் கோமதிநாயகம் என்ற இளைஞன். டெல்பினை உட்காரவைத்து நிதானமாக விளக்கினான்.

"அக்கா, ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டம் போட்டு வச்சிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? ஆன் பண்ணதும் எது வேணும்னு கேக்கும். கொஞ்ச நேரம் காத்திருக்கும். நாம ஒண்ணும் தொடலைன்னா, எது முதல்லன்னு நாம சொல்லி வச்சிருக்கமோ அது தானா ஓட ஆரம்பிச்சிரும். அண்ணாச்சிக்கும் இனி அப்படித்தான்."

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்க மாட்டாகளா?"

"ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான். ஒருத்தர் பாத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. தூங்கி எந்திரிக்கிற நேரத்துலதான் மாத்த முடியும். கண்ணு திறக்கும்போது காதுக்குப் பின்னால மஞ்சளா வெளிச்சம் வரும். பத்து விநாடி. அதுக்குள்ள நீங்க தொட்டா, தகட்டுல உள்ளவர் எந்திரிப்பார். தொடலைன்னா, பழைய அண்ணாச்சியே எந்திரிப்பார். யாரை முதல்ல வைக்கணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எல்லாமே நாம வைக்கிறதுதான்."

டெல்பின் கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையே பார்த்தாள். "இதுல நிஜமான ஆளு யாருன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. நாம யாரை முதல்ல வைக்கமோ, அவர்தான் அதுக்கு நிஜம்."

இப்படி ஒரே உடம்பில் இருவர் குடியேறினார்கள். துறைமுகத்தில் எல்லோரும் அவரை மச்சாது என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே தகட்டிலிருந்து எழுந்தவரை நாம் மச்சாது என்போம். வீட்டுப் பெயரான கஸ்பார் பழையவருக்கே இருக்கட்டும்.

மச்சாது நல்லவர். கிரேனின் உச்சியில், தனிமையில் ஒரு மனிதன் தன் குடும்பத்தைப் பற்றி நினைத்த நினைவுகளால் மட்டுமே ஆனவர். ஆகவே அவருக்கு வீட்டைப் பற்றிய கவலை முழுக்க இருந்தது, வீடு மட்டும் புதிதாக இருந்தது. கூரை ஒழுகுவது தெரியும். எந்த மூலையில் ஒழுகும் என்று தெரியாது. மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அவளை எப்படித் தூக்கிச் சுற்றுவது என்று தெரியாமல் நின்றார். ஜெனோவா அவரை 'நீங்க' என்றாள். கஸ்பாரை 'நீ' என்றாள். வேலைக்குப் போகாமல் இருக்கிறவர் என்பதால் கஸ்பாருக்கு அவள் வைத்த பெயர் சும்மா அப்பா. அதில் ஏளனம் இல்லை. உலகத்திலேயே நல்ல வேலை சும்மா இருப்பதுதான் என்று நினைக்கும் வயது அது.

வேலை நாட்களில் டெல்பின் காதுக்குப் பின்னால் தொட்டாள். மற்ற நாட்களில் விட்டுவிட்டாள். தொட்ட நாளில் எழுந்தவர் தானே குளித்து, சட்டை மாட்டி, இட்லியைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். தொடாத நாளில் எழுந்தவரை அவள் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. சில நாட்களில் பாயையும் அலச வேண்டியிருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் கஸ்பார் மற்றவரை மறப்பதில்லை. மறுநாள் வேலை என்று டெல்பின் சொல்லக் கேட்டால், சாயங்காலமே வேலை ஷூவை எடுத்துவந்து தன் வேட்டி நுனியால் துடைப்பார். மச்சாது லேஸை இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுகிறவர்; கழற்றும்போது முடிச்சோடு இழுத்துக் கழற்றிவிடுவார். முடிச்சுப் போட கஸ்பாரின் விரல்களுக்கு வராது. அவிழ்க்க மட்டும், நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் முயன்றால், வரும். அவிழ்த்து, வாயை நன்றாக அகட்டி, கால் நுழைய எளிதாக வைப்பார். பிறகு தனக்கு வாங்கிய, கூம்பு போன்ற முந்திரி இனிப்பான மக்ரூனில் பாதியைத் தின்றுவிட்டு, மீதிப் பாதியை ஹெல்மெட்டுக்குள் வைப்பார்.

ஒரு காலை மச்சாது ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி சமையற்கட்டுக்கு வந்தார். "டெல்பின், நேத்து எறும்பு மண்டைல ஏறிட்டு. நான் மேல உக்காந்து ஆடுதேன், கீழ நிக்க சிலுவைப் பய, சாமி வந்துட்டுன்னு கும்பிடுதான். யாரு இதுல மக்ரூன் வைக்கது?"

"அவுகதான்."

"எவுக?"

"நீங்கதான்" என்று டெல்பின் சிரித்தாள். சிரித்து முடித்தபின் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் கஸ்பாரிடம் கேட்டாள், எதற்காக அதை அங்கே வைக்கிறீர்கள் என்று. அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"மேல... போயிட்டா... கடை இல்லல்ல" என்றார்.

ஜெனோவா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில்தான் எல்லாம் மாறியது. ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் எதிர்பாராத கப்பல் ஒன்று வந்து, மச்சாதுவுக்கு அழைப்பு வந்திருந்தது. விடிந்ததும் டெல்பின் பாயருகே வந்து உட்கார்ந்தாள். கண் இமைகள் அசைந்து மஞ்சள் வெளிச்சம் தோன்றிய அதே நேரத்தில், ஜெனோவா வெள்ளை உடுப்போடு ஓடிவந்து, தலையில் முக்காடு நிற்கவில்லை, ஊசி குத்துகிறது என்று அழுதாள். தாய் திரும்பி ஊசியைச் சரிசெய்தாள். திரும்பிப் பார்த்தபோது வெளிச்சம் அணைந்திருந்தது. கஸ்பார் எழுந்து உட்கார்ந்து, வெள்ளை உடுப்பில் நின்ற மகளைப் பார்த்துக் கை தட்டத் தொடங்கினார். ஊசி குத்தவே இல்லை என்பது டெல்பினுக்கு மகளின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

கோயிலில் பூசை நடுவே கஸ்பார் கை தட்டினார். குருவானவரே புன்னகைத்தார். அந்த ஒரு நாள் அந்தக் குழந்தைக்குப் போதுமானதாக இருந்தது. துறைமுகத்தில் கப்பல் காத்து நின்றது.

மறுநாள் கம்பெனி அதிகாரி டெல்பினை வரவழைத்து, அமர்த்தலான குரலில் சொன்னார். இனி வேலை நாளில் காலையில் யார் எழுந்தார் என்று நுழைவாயிலில் தகட்டைப் படித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இன்னொரு முறை தவறினால் வேலை போகும். தகட்டில் இருக்கும் மனது கம்பெனியின் பொருள், அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

டெல்பின் நேரே கோமதிநாயகத்திடம் போனாள். மச்சாதுவை முதலில் வைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்கச் சொன்னாள்.

"பூஜ்யம் வேண்டாம்க்கா" என்றான் அவன். "மூணு விநாடியாவது இருக்கட்டும்."

"மூணு விநாடி போதும் என் மகளுக்கு."

"நான் ஒண்ணு சொல்லியாகணும். ஓடாமக் கிடக்கிறவர் கொஞ்சம் கொஞ்சமா மங்கிருவார். நாளாக ஆகக் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டார். யாரும் அவரை அழிக்க மாட்டாங்க. ஆனா இருக்க மாட்டார். லீவு நாள்லயாவது கூட்டிட்டு வாங்க, மாத்தித் தாரேன்."

"கிறிஸ்மஸுக்குக் கூட்டிட்டு வாரேன்" என்றாள் டெல்பின். அதையும் நம்பித்தான் சொன்னாள்.

கிறிஸ்மஸுக்குக் கொழும்பிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். அவர்கள் முன்னால் வேண்டாமே என்று தோன்றியது. தவக்காலத்தில் மச்சாது விடுப்பு எடுத்துக் கூரையைப் பிரித்து மாற்றினார். வேலை பாதியில் இருந்தது. ஈஸ்டருக்கு டெல்பினுக்குக் காய்ச்சல். மாதா திருவிழாவில் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கஸ்பாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. ஒவ்வொரு காரணமும் நியாயமானது. எந்தக் காரணத்தையும் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. பாய் அலச வேண்டியதில்லை. தேநீர் கொட்டுவதில்லை. அவள் பல வருடங்களுக்குப் பிறகு முழு இரவும் தூங்கினாள். ஒரு மனிதரைக் காணாமல் போக்க இவ்வளவு போதும். யாரும் கையை ஓங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பண்டிகையாகத் தள்ளிப் போட்டாலே போதும்.

ஜெனோவா முதலில் தினமும் கேட்டாள். பிறகு வாரம் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். குழந்தை மறந்துவிட்டது என்று தாய் நினைத்தாள்.

மச்சாதுவுக்கு இவை எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை, அவர் தூங்கி எழுகிறார், அவ்வளவுதான். முன்பெல்லாம் நடுவில் நாட்கள் காணாமல் போகும், இப்போது போவதில்லை. கோளாறு சரியாகிவிட்டது என்று டெல்பின் சொல்லியிருந்தாள். ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். காலையில் ஷூ அவர் கழற்றிப் போட்டபடியே, முடிச்சோடு கிடந்தது. அவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தது டெல்பின் என்றுதான் நினைத்திருந்தார். அவளுக்கு வேலை அதிகம் போலும் என்று தானே குனிந்து அவிழ்த்துக்கொண்டார்.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்றைய பூசையில், யார் யாருடைய ஆன்மாவுக்காகக் குடும்பங்கள் வேண்டிக்கொள்கின்றனவோ அந்தப் பெயர்களையெல்லாம் வாசிப்பார்கள். மச்சாது வலப்பக்கத்தில் ஆண்களோடு முழங்காலில் நின்றிருந்தார். மரியதாஸ் ரொட்ரிகோ, அன்னம்மாள் வாஸ் என்று போய்க்கொண்டிருந்த குரல், "கஸ்பார் மச்சாது" என்றது.

பல தலைகள் திரும்பின. மச்சாதுவின் உதடுகள் மற்றவர்களோடு சேர்ந்து, நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டிருந்தன. பாதியில் நின்றன.

வெளியே வந்ததும், கிரேனுக்குக் கீழே நின்று கைச்சைகை காட்டும் சிலுவை அவர் தோளைத் தட்டினான். "என்ன மச்சாது, உனக்கே பூசை வச்சிட்டியா? நாளைக்கு ஏணி ஏறுவியா, இல்ல பறந்தே போயிருவியா?"

மச்சாது சிரிக்கவில்லை. பெயர்களை வாசித்த கோயில்பிள்ளையைத் தேடிப் போனார். வேற்றூரிலிருந்து அந்த மாதம்தான் வந்த மனிதர் அவர். ஒரு சின்னப் பிள்ளை வந்து அப்பா பெயர் என்று சொன்னதாகவும், முகத்தைப் பார்த்தால் மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை என்றும் சொன்னார்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் குழிகளிலும் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பெரிய கற்சிலுவை. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அதனடியில்தான் திரி ஏற்றுவார்கள். அங்கே ஜெனோவா காற்றுக்குக் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெல்பின் தொலைவில் தன் தகப்பனாரின் குழியருகே இருந்தாள்.

மச்சாது மகளருகே குந்தினார். "யாருக்கும்மா இந்தத் திரி?"

"அப்பாவுக்கு."

"நான் இங்கதான இருக்கேன்."

"உங்களுக்கு இல்ல." அவள் பொறுமையாக விளக்கினாள். "சும்மா அப்பாவுக்கு. குழி இல்லாதவுகளுக்கு இங்க ஏத்தலாம்னு சிஸ்டர் சொன்னாங்க."

காணாமல் போன அந்த நாட்களில் இதே உடம்பில் எழுந்தவர் யார் என்று மச்சாதுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அவர் சாகலம்மா."

"அப்ப எங்க இருக்காங்க?"

அவர் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. ஜெனோவா அவர் ஷூவைப் பார்த்தாள்.

"நீங்களே அவுத்துக்கிடுதீங்களா இப்ப?" என்று கேட்டாள். "அப்பாதான் அவுத்து வைக்கும். உங்க விரலு வலிக்கும்னு."

திரி ஒன்று அணைந்தது. அவள் பக்கத்துத் திரியிலிருந்து மறுபடி ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாது மனைவியிடம் கேட்டார். அவள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், கம்பெனி அதிகாரி சொன்னது, பூஜ்யம் வைத்தது, கிறிஸ்மஸ், ஈஸ்டர், திருவிழா. சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை, கசப்பு மட்டும் இருந்தது. விடுமுறை நாளிலாவது அவரை எழுப்பக் கையெழுத்துப் போடு என்று மச்சாது வேண்டினார்.

"மாட்டேன்" என்றாள் டெல்பின்.

"ஏன்?"

"பாய் அலசச் சோம்பல்பட்டுத்தான்னு நினைச்சுக்கிடுங்க."

"அது இல்ல. நீ அப்படிப்பட்டவ இல்ல."

"எந்திரிச்சதும் அவுக என்னைப் பாத்துச் சிரிப்பாக" என்றாள். "இத்தன நாளு நான் எங்க இருந்தேன்னு கேட்டா பரவாயில்ல. கேக்க மாட்டாக. சும்மா சிரிப்பாக. அந்த மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்?"

மச்சாது கோமதிநாயகத்திடம் போனார்.

கோமதிநாயகம் அவரைக் கண்டதும் எழுந்து நின்றான். மச்சாது சுற்றி வளைக்காமல் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, வரிசைய மாத்த அக்கா கையெழுத்து வேணும். நீங்க போட்டாச் செல்லாது. நீங்க வந்து... எப்படிச் சொல்ல..."

"நான் ஆளு இல்ல. சொல்லு தம்பி."

"அப்படித்தான் சட்டத்துல எழுதி வச்சிருக்காங்க." அவன் முகம் வாடியது. தேநீர் வாங்கிவரச் சொல்லி உதவியாளரை அனுப்பினான். கதவு சாத்தியபின் குரலைத் தாழ்த்தினான். "வரிசைய மாத்தாமலே ஒரு வழி இருக்கு. அடுத்த தடவைக்கு மட்டும் இன்னொருத்தரை எழுப்புன்னு சொல்லி வச்சிட்டுத் தூங்கலாம். பழுது பாக்கிறதுக்குன்னு வச்ச வசதி. ஓடிக்கிட்டு இருக்கவரே செஞ்சுக்கிடலாம், கையெழுத்து வேண்டாம். எவ்வளவு நேரத்துல திரும்பத் தூங்க வைக்கணும்னும் தகட்டுக்கிட்டச் சொல்லிரலாம். அந்த ஒரு தடவை முடிஞ்சா, பழையபடி நீங்கதான் வருவீங்க."

"அவர் எந்திரிப்பாரா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அண்ணாச்சி. எந்திரிக்கலைன்னா உடம்பு சும்மா கிடக்கும். நேரம் முடிஞ்சதும் நீங்க எந்திரிப்பீங்க. அவர் வந்துட்டுப் போனாரா, வரவே இல்லையான்னு உங்களுக்குத் தெரியவும் தெரியாது."

"கம்பெனி?"

"வாசல்ல காலைல எந்திரிச்சதை மட்டுந்தான் படிக்காங்க. நடுவுல யாரும் பாக்கதில்ல. ஆனா என்னைக்காவது பாத்துட்டாங்கன்னா, கழட்டி எடுக்கிறது உங்களைத்தான்." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எப்படிச் செய்யணும்னு ஒரு தடவை காட்டுதேன். நல்லாப் பாத்துக்கிடுங்க."

வீட்டில் செய்ய முடியாது. டெல்பின் பார்ப்பாள், அவள் பார்க்கப் பயப்படும் முகத்தை அவள்முன் கொண்டுவந்து நிறுத்த மச்சாதுவுக்கு மனம் வரவில்லை. ஜெனோவாவிடம் சொல்லவும் முடியாது. கஸ்பார் எழாமலே போனால், அந்தக் குழந்தை இன்னொரு முறை திரி ஏற்ற வேண்டியிருக்கும். தவிர, சின்னப் பிள்ளையால் சந்தோஷத்தை எத்தனை நாள் மறைக்க முடியும்? பள்ளியில் ஒரு வார்த்தை போதும்.

கிரேன் ஓட்டுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மதிய இடைவேளையில் இறங்கி ஏற அலுப்பாக இருப்பவர்கள் மேலே ஓட்டுநர் கூண்டிலேயே கண்ணயர்வார்கள். அப்போது சாவியைக் கழற்றிக் கூண்டுக்கு வெளியே கொக்கியில் மாட்டி, கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். அந்தத் துணி கட்டியிருக்கும்வரை யாரும் ஏணியில் ஏற மாட்டார்கள்; கீழிருந்து கூப்பிடவும் மாட்டார்கள்.

அடுத்த நாள் மச்சாது சிவப்புத் துணியைக் கட்டினார். கதவை உள்ளே தாழிட்டார். இருக்கையின் பாதுகாப்பு வாரை இடுப்பில் மாட்டினார். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் கழலும் பூட்டு அது. கஸ்பாரின் விரல்களுக்கு அது வராது என்று அவருக்குத் தெரியும். கட்டிப்போட்டுக் கொடுப்பது அவருக்கு உறுத்தியது. ஆனாலும் அவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்: தாழிட்ட கதவு, கட்டிய உடல், முன்னால் கண்ணாடி நிறையக் கடல். ஹெல்மெட்டைக் கவிழ்த்து மடியருகே வைத்து, அதில் காகிதத்தில் பொதிந்த ஒரு மக்ரூனை வைத்தார். ஷூ லேஸை வழக்கம்போல இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார். பிறகு தகட்டுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

கண் விழித்தபோது மக்ரூன் முழுதாக இருந்தது. முடிச்சு முடிச்சாக இருந்தது.

மறுநாளும் அப்படியே. அந்த வாரம் முழுதும் அப்படியே. கொண்டுபோன மக்ரூனைத் தினமும் கீழே சிலுவையிடம் கொடுத்தார். "என்னல, தினம் இனிப்பு? வீட்ல விசேஷமா?" என்று அவன் கேட்டு வாயில் போட்டுக்கொண்டான். வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் குடும்ப ஜெபத்தின் முடிவில், இறந்தவர்களுக்கான வேண்டுதலில் ஜெனோவா சத்தமாகத் தன் தகப்பன் பெயரைச் சொன்னாள். டெல்பின் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மச்சாது ஆமென் என்றார்.

கூண்டில் கண்ணை மூடுமுன் அவரும் ஜெபித்தார். தகட்டில் எழுதப்பட்ட ஒரு மனது ஜெபிக்கலாமா, அது எங்காவது போய்ச் சேருமா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. இன்னொருவருக்காகக் கேட்கப்படும் ஜெபத்தில், கேட்பவர் யார் என்று மேலே யாரும் விசாரிப்பதில்லை என்றே நான் நம்புகிறேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய நாட்களில் மழை பிடித்தது. கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஒரு கப்பல் பாதி இறக்கிய நிலையில் நின்றது. இடைவேளைச் சங்கு ஊதியதும் மச்சாது துணியைக் கட்டினார், தாழிட்டார், வாரை மாட்டினார், மக்ரூனை வைத்தார். இனிமேல் இதில் பலன் இல்லை என்று தெரிந்துகொண்டே செய்வதுபோலத்தான் செய்தார். கண்ணை மூடினார்.

திறந்தபோது முதலில் தெரிந்தது கண்ணாடி. மூச்சுப் பட்டு மங்கியிருந்த கண்ணாடியில், ஐந்து விரலும் விரித்த ஒரு உள்ளங்கைத் தடம் இருந்தது. அதன் வழியாகக் கடல் தெளிவாகத் தெரிந்தது. அவர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது.

ஹெல்மெட்டுக்குள் காகிதம் கோணல்மாணலாக மடித்திருந்தது. பிரித்தார். மக்ரூனின் கூம்புப் பாதி கடிபட்டிருந்தது. மீதிப் பாதி அவருக்காக இருந்தது.

மெல்லக் குனிந்து பார்த்தார். இரண்டு ஷூவிலும் முடிச்சு அவிழ்ந்திருந்தது. வாய் நன்றாக அகட்டியிருந்தது, கால் நுழைய எளிதாக. கால்கள் உள்ளேதான் இருந்தன. அது அவிழ்த்தவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. ஷூவின் தோலின்மேல் இருந்த உப்புப்பொடியைச் சட்டை நுனியால் துடைத்த தடமும் இருந்தது.

மச்சாது அந்தப் பாதி மக்ரூனை வாயில் போட்டு மெதுவாகக் கரைய விட்டார். கீழே சங்கு ஊதியது. மழைக்கோட்டோடு சிலுவை அண்ணாந்து கையசைத்தான். அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, மச்சாது கண்ணாடித் தடத்தைக் கையால் அழித்தார். அழிக்கும்முன் தன் கையை ஒருமுறை அதன்மேல் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது.

பிறகு குனிந்து லேஸைக் கட்டினார். இம்முறை இரட்டை முடிச்சுப் போடவில்லை. நாளைக்கு இழுத்ததும் அவிழும்படி, தளர்வாக ஒரே ஒரு முடிச்சு.